ஓலைத்தொப்பி போன பக்கம்

கச்சான் காற்று கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் அந்தக் கடற்கரையில் பிள்ளைகளுக்கான பாய்ப்படகு முகாமைக் கோடை லீவு விட்ட கையோடு தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் முடிந்தும்விடும். கச்சானுக்கு யாரும் நாள் குறித்துக் கொடுக்க முடியாது என்பதால் பெரும்பாலும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கச்சான் என்பது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற மேற்குக் காற்று. வந்தால் சொல்லிக்கொண்டு வராது. மணலை வாரிக் கண்ணில் போட்டபடிதான் வரும்.

முகாமின் குரு ஜெனோவா டீச்சர். முப்பத்து நான்கு வயது. வெயிலில் காய்ந்த முகம், குறைந்த பேச்சு. அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தவர் தனிஸ்லாஸ் சார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் அப்பாவைவிடச் சீடனுக்கு வயது கூட. குரு சீடனை ‘சார்’ என்றார், சீடன் குருவை ‘டீச்சர்’ என்றார். இதில் யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்கப் பிடிபடவில்லை.

தனிஸ்லாஸ் சார் சும்மா வரவில்லை. சிப்பித்துறையில், அவருடைய சொந்த ஊரில், பிள்ளைகளைக் கூட்டிவைத்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அடுத்த கோடையில் நம்ம ஊர்க் கடலிலும் பாய் விரிப்போம் என்று. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் அப்பாவின் வேலை, அம்மாவின் கவலை. அதில் விளையாடவும் செய்யலாம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. இவர் சொல்லிவிட்டார். ஆளைப் பார்க்கிற இடத்தில் எல்லாம், “சார், படகு எப்ப சார் வரும்?” என்று கேட்டு உயிரை எடுத்தன.

படகுகளைக் கொடுக்கப் படகுச் சங்கம் தயார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். இவர் நடத்தலாம் என்று ஜெனோவா சொல்கிறாரா?

ஜெனோவா இன்னும் சொல்லவில்லை.

“என்ன டீச்சர், நம்ம விசயம்?” என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார் சார்.

“முகாம் முடியட்டும் சார்.”

அவ்வளவுதான் பதில்.

தனிஸ்லாஸ் சாருக்குப் படகு ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பையன்களைப் பாய்ப்படகில் ஏற்றி இறக்கியவர். நீச்சலில் இன்றைக்கும் இளவட்டங்கள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். குரலோ, மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போய், மோதித் திரும்பி வரும். கழுத்தில் விசில், கையில் ஒலிபெருக்கி, தலையில் அவர் மனைவி பின்னிக் கொடுத்த பனையோலைத் தொப்பி. இத்தனையும் இருக்கிற ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சந்தேகப்படுவதற்கு என்ன இருக்கிறது?

முகாமில் இருந்தவை ஆளுக்கொன்றாகப் பிள்ளைகள் ஏறும் சின்னப் படகுகள். மூக்கு மழுங்கலாகத் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கும். பிள்ளைகள் அவற்றைத் தொட்டி என்றே சொல்வார்கள். ஒரு பாய், ஒரு கயிறு, ஒரு சுக்கான். கவிழ்ந்தாலும் மூழ்காது. கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்துவதுதான் முகாமின் முதல் பாடம். கூடவே மோட்டார் வைத்த காவல் படகு ஒன்று போகும். அதில் நிற்பவர்தான் அன்றைக்கு அத்தனை பிள்ளைகளுக்கும் பொறுப்பு.

சார் காவல் படகில் ஏறினால் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்பார். எல்லோர் முகமும் தெரிய வேண்டும் அவருக்கு. வகுப்பில் அப்படித்தானே நின்றார், இத்தனை வருடமும்?

“கயித்த இழு. ஏ முகிலா, உன்னத்தான். சுக்கான அந்தப் பக்கம் தள்ளு. அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்? உன் வலப்பக்கம்ல.”

பிள்ளைகள் அவர் வாயையே பார்த்தன. பார்த்துக்கொண்டே அவர் மேலேயே வந்து மோதின. தண்ணீரில் கண் எங்கே போகிறதோ அங்கேதான் கையும் போகும், படகும் போகும். ஒரு காலைப்பொழுதில் காவல் படகில் முட்டாத தொட்டி இல்லை என்று ஆயிற்று.

டீச்சர் ஏறினால் கதை வேறு. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதுகுப் பக்கம் எங்கேயோ, சத்தம் காட்டாமல், கையில் ஒரு பொட்டலம் பொரிகடலையோடு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளில் யாராவது கழுத்தைத் திருப்பி, “டீச்சர், இப்பிடியா?” என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“என்ன எதுக்குப் பாக்க? பாயப் பாரு.”

இதைக் கரையிலிருந்து பார்த்த முகிலனின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நேராகத் தனிஸ்லாஸ் சாரிடம் வந்தார்.

“சார், நீங்க நிக்கிறப்ப கண்ணுக்குத் தெரியுது. பயமில்லாம இருக்கு. அந்த மிஸ் எங்கயோ போய் உக்காந்துக்கிறாங்க. எம் பையன் தண்ணியில இருக்கான் சார். அவன யாரு பாக்கிறா?”

சாருக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் கூடவே ஓர் உறுத்தல். டீச்சர் நிற்கிற நாளில் ஒரு தொட்டியும் அவர் மேல் மோதவில்லை. கவிழ்ந்த பிள்ளை எதுவும் அதிக நேரம் தனியாகக் கிடக்கவும் இல்லை. கவிழ்ந்தது எங்கே என்று இவர் தேடுவதற்குள் டீச்சர் அதன் பக்கத்தில் இருந்தார். எப்படி?

மறுநாள் காலை கேட்டேவிட்டார்.

“டீச்சர், பாக்கியெல்லாம் எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காவல் படகுல ஏறுனா எங்க நிக்கணும்?”

டீச்சர் கையை நீட்டினார்.

“உங்க தொப்பியக் குடுங்க சார்.”

கொடுத்தார். டீச்சர் அதை வாங்கிக் கரையிலிருந்தே தண்ணீரில் வீசிவிட்டார்.

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவி ஒரு வாரம் உட்கார்ந்து பின்னிய தொப்பி.

“ஏறுங்க, போவோம்” என்றார் டீச்சர்.

காவல் படகு கிளம்பியது. தொப்பி அலையில் ஆடிக்கொண்டிருந்தது. சார் கையை நீட்டித் தயாராகக் குனிந்தார். படகு தொப்பியைத் தாண்டிப் போயிற்று.

“டீச்சர், இந்தா இருக்கு. விட்டுட்டீங்க.”

டீச்சர் நிறுத்தவில்லை. தொப்பியைத் தாண்டி, கடல் பக்கமாக நல்ல தூரம் போய் எஞ்சினை அணைத்தார். நங்கூரத்தை இறக்கினார். பொரிகடலையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தார். சாரிடமும் ஒரு பிடி நீட்டினார். சாருக்கு அது தொண்டையில் இறங்குமா?

காலை நேரத்தில் தரையிலிருந்து லேசான காற்று. தொப்பி அசைந்து அசைந்து வந்தது. ஓர் அவசரமும் இல்லாமல் வந்து, காவல் படகின் விலாவில் முட்டி நின்றது. டீச்சர் அதை எடுத்து, தண்ணீரை உதறி, சீடனின் தலையில் வைத்தார்.

“இங்க” என்றார்.

மதியத்துக்கு மேல் காற்று மாறிவிடும். கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும். அப்போது டீச்சர் கரைக்குப் பக்கத்தில் நின்றார். சார் குழம்பிப் போனார்.

“காலையில அங்கன்னு சொன்னீங்க. இப்ப எங்க டீச்சர்?”

“தொப்பி.”

மறுபடியும் தொப்பி தண்ணீருக்குப் போயிற்று. மறுபடியும் அதைத் தாண்டிப் போய்க் காத்திருந்தார்கள். இந்தத் தடவை கரைப் பக்கம். தொப்பி அங்கே வந்து முட்டியது.

“இங்க.”

அன்று வீட்டுக்குப் போய்த் தனிஸ்லாஸ் சார் ஆழமாக யோசித்தார். யோசிக்கிற ஆள்தான் அவர், அதுதான் பிரச்சினையே. தொப்பியைக் கழற்றி வீசியது எதற்கு? தலைக்கனத்தை விட்டுவிடு என்கிறார் டீச்சர். சரி, விட்டாயிற்று. தொப்பியைத் தாண்டிப் போனது எதற்கு? பொருள் மேல் ஆசை வைக்காதே. அதுவும் சரி. பொரிகடலை? பொறுமை. எல்லாம் பொருந்தி வந்தது. மிச்சம் இருந்தது ‘இங்க’ என்ற ஒரு சொல். அதில் யோசிக்க எதுவும் இல்லை, இடம் தெளிவாகக் காட்டப்பட்டுவிட்டது என்று முடிவு செய்தார்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்களை வாங்கி, சிவப்பு வர்ணம் அடித்து, கயிற்றில் கல்லைக் கட்டி, ஒன்றைக் கடல் பக்கத்து ‘இங்க’விலும் இன்னொன்றைக் கரைப் பக்கத்து ‘இங்க’விலும் மிதக்கவிட்டார். டீச்சர் வந்து பார்த்தார்.

“இது என்ன சார்?”

“அடையாளம் டீச்சர். காலைல நிக்கிறதுக்கு அது, சாயங்காலம் நிக்கிறதுக்கு இது. இனி தடுமாற்றமே இல்ல.”

டீச்சர் குனிந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

“முடிச்சு நல்லா விழுந்திருக்கு” என்றார்.

சாருக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. குரு வாயால் ஒரு பாராட்டு.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகத்தான் போயிற்று. காலையில் கடல் பக்கத்துக் கேன், மாலையில் கரைப் பக்கத்துக் கேன். கவிழ்ந்த பிள்ளைகள் தாமாக அவர் பக்கம் வந்து சேர்ந்தன. ஒலிபெருக்கியை மட்டும் அவரால் விட முடியவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தாலும் அந்தக் குரல் பிள்ளைகளின் கழுத்தைத் திருப்பத்தான் செய்தது. இருந்தாலும் தேறிவிட்டோம் என்று சார் நம்பினார்.

முகாமின் கடைசி நாள் வந்தது. அன்று பெற்றோர் எல்லாம் கரையில் கூடுவார்கள். மதியத்துக்கு மேல் ஒரு பந்தயம். கரையிலிருந்து கிளம்பி, கடலுக்குள் மிதக்கும் மஞ்சள் மிதவையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும்.

காலையில் டீச்சர் சாரைத் தனியாக அழைத்தார்.

“பந்தயத்த நீங்க நடத்துங்க சார். எனக்கு ஒரு வேல இருக்கு.”

“இன்னைக்கா? நீங்க இல்லாமயா?”

“நீங்கதான் இருக்கீங்களே.”

சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார். தனிஸ்லாஸ் சாருக்கு எல்லாம் புரிந்தது. இதுதான் பரீட்சை. இன்றைக்கு ஒழுங்காக நடந்தால் சிப்பித்துறைக்குப் படகு. இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் விழிக்க முடியாது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். விசிலைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

மதியம் தாண்டியது. வழக்கமாகக் கடலிலிருந்து காற்று வருகிற நேரம். அன்று அது வரவில்லை. காலையில் தரையிலிருந்து கிளம்பிய காற்று அடங்காமல், வெயில் ஏற ஏற வலுத்துக்கொண்டே வந்தது. கரையில் குடை பிடித்திருந்தவர்களின் குடைகள் மடங்கின. அம்மாமார் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டார்கள். மீன்பிடி வலைகளின் மேல் மணல் ஓடியது.

இதையெல்லாம் சார் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். ஆனால் பார்த்தது வேறு, உறைத்தது வேறு. பெற்றோர் எல்லாம் கைகூப்புகிறார்கள். முகிலனின் அம்மா, “இன்னைக்கு நீங்கதான் சார், எங்களுக்கு நிம்மதி” என்கிறார். மாலைக்கு எந்தக் கேன்? கரைப் பக்கத்துக் கேன். காவல் படகைக் கொண்டுபோய் அதில் கட்டினார். கரையில் இருக்கிற எல்லோருக்கும் அவர் நன்றாகத் தெரிந்தார்.

விசில் அடித்தார். தொட்டிகள் கிளம்பின.

கிளம்பினவா? பறந்தன. பின்னாலிருந்து காற்று தள்ள, பாய்கள் எல்லாம் வயிறு நிறைய உண்ட பிள்ளைகள் மாதிரி உப்பிக்கொண்டு போயின. முகாமில் இதுவரை யாரும் இவ்வளவு வேகம் போனதில்லை. கரையில் கைதட்டல். “பிரமாதம் சார்” என்று யாரோ கத்தினார்கள். சார் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். முன்னால் போனவள் ஷெரின், ஆறாம் வகுப்புப் பிள்ளை, பயம் என்றால் என்னவென்று கேட்கிற ரகம். மஞ்சள் மிதவையை முதலில் சுற்றியவளும் அவள்தான்.

சுற்றியதும் அவள் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. தொட்டி நின்றுவிட்டது. பிறகு மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது.

அடுத்தது வந்தது, சுற்றியது, நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே. போகும்போது தள்ளிய காற்று இப்போது எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. மொத்தத் தொட்டிகளும் கடலைப் பார்த்து நகர்ந்தன.

சார் ஒலிபெருக்கியை எடுத்தார்.

“ஷெரின், கயித்த இழு.”

காற்று அவர் குரலை அலுங்காமல் கொண்டுபோய் எல்லாப் பிள்ளைகளின் காதிலும் சேர்த்தது. அதுதான் வினையாயிற்று. அத்தனை பேரும் கயிற்றை இழுத்தார்கள்.

“நீ இல்ல முகிலா, நீ விடு.”

அத்தனை பேரும் விட்டார்கள்.

அத்தனை பேரும் திரும்பி அவரையே பார்த்தார்கள். ஒரு பிள்ளைகூடப் பாயைப் பார்க்கவில்லை. கரையில் கைதட்டல் நின்றுபோயிருந்தது. “என்ன சார் ஆச்சு?” என்ற குரல் வந்தது. முகிலன் அழ ஆரம்பித்தான். வெளியே, ஷெரினின் தொட்டி சாய்ந்தது. பாய் தண்ணீரில் படுத்தது.

சார் எழுந்து நின்று இன்னும் பலமாகக் கத்த வாயைத் திறந்தார். கச்சான் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போயிற்று.

தொப்பி தண்ணீரில் விழுந்து, விளிம்பில் எழுந்து, சக்கரம் போல உருண்டது. முகிலனைத் தாண்டியது. நடுவில் கிடந்த தொட்டிகளைத் தாண்டியது. கவிழ்ந்து கிடந்த ஷெரினையும் தாண்டி, திறந்த கடல் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. சார் வாய் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கே நிற்பது என்று கேட்டதற்கு டீச்சர் தொப்பியை வீசினார். இரண்டு தடவை. இரண்டு தடவையும் தான் பார்த்தது இடத்தை. தொப்பி போன பக்கத்தை அல்ல.

“அட கூறுகெட்ட மனுசா” என்று தனிஸ்லாஸ் சார் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ஒலிபெருக்கியைப் படகின் அடியில் போட்டார். விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தார். கேனில் போட்ட முடிச்சு நல்ல முடிச்சு, லேசில் அவிழவில்லை. கத்தியால் அறுத்தார். எஞ்சினைக் கிளப்பினார்.

முதலில் முகிலன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். முகமெல்லாம் கண்ணீரும் உப்புத் தண்ணீரும்.

“சார், சார், என்னத் தூக்குங்க சார்.”

கரையில் அவன் அம்மா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி வந்துவிட்டார். இவனைத் தூக்கினால் கரையில் எல்லோரும் கும்பிடுவார்கள். தூக்குகிற நேரத்துக்குள் ஷெரின் எங்கே போய்ச் சேர்வாள்? ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டே போனால், கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

“முகிலா, கவிழல நீ. ஒனக்கு வரும். பாயப் பாரு” என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். சொல்லிவிட்டு அவனைத் தாண்டிப் போய்விட்டார்.

“எம் புள்ளைய விட்டுட்டுப் போறாரே. யாராவது கேளுங்களேன். அவரு பாட்டுக்குப் போறாரே.”

அந்தக் குரல் காற்றோடு வந்து முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. சார் திரும்பவில்லை. அடுத்த தொட்டியையும் தாண்டினார். அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கை நீண்டது. ஆனாலும் எஞ்சினைத் தணிக்கவில்லை. வழி தெரிந்த பிறகு அவருக்குத் தடுமாற்றம் என்பது கிடையாது.

மஞ்சள் மிதவையைத் தாண்டி, ஷெரினையும் தாண்டி, படகைக் கரை பார்த்துத் திருப்பி, நகராமல் இருக்கும்படி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நின்றார். எல்லாப் பிள்ளைகளும் இப்போது அவருக்கு முன்னால் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு அவர் முதுகுப் பக்கம். பேசாமல் இருந்தார். அவர் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்றை அதுவரை செய்ததில்லை.

ஷெரின் கவிழ்ந்த தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். காற்று அவளைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் விட்டது.

“சார், உங்க தொப்பி அந்தப் பக்கமாப் போச்சு” என்றாள், மூச்சிரைக்க.

“போகட்டும்ளா. அடி ஒண்ணும் படலியே?”

“இல்ல. நீஞ்சிப் போய் எடுத்துட்டு வரட்டா?”

“வாய மூடிட்டு ஏறு.”

அவளை ஏற்றிக்கொண்டு தொட்டியை நிமிர்த்திக் கயிறு கட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

முன்னால் பார்ப்பதற்கு ஆள் இல்லை, கேட்பதற்குக் குரல் இல்லை என்றானதும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் முழித்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் பாயைப் பார்த்தார்கள். ஒருத்தி கயிற்றை இழுத்துச் சுக்கானைத் திருப்பினாள். அவள் தொட்டி பக்கவாட்டில் நகர்ந்தது. அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று காற்றுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாகக் கரை நோக்கிப் போனாள். அதைப் பார்த்து இன்னொருவன். முகிலன் மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். அழுதுகொண்டேதான் போனான், ஆனால் பாயைப் பார்த்தபடி போனான். முடியாமல் விட்ட இரண்டு பேர் மட்டும் ஒருவர் பின் ஒருவராக மிதந்து வந்து சாரின் படகில் முட்டினார்கள். அவர்களையும் பிடித்துக் கட்டினார்.

கரையில், முகிலன் மணலில் இறங்குவதும் அவன் அம்மா ஓடி வருவதும் தெரிந்தது. அவன் கையை உதறிவிட்டுத் தொட்டியைத் தானே மேலே இழுப்பதும் தெரிந்தது. சார் அப்போதுதான் மூச்சு விட்டார்.

“சார், உங்க தொப்பி” என்றாள் ஷெரின்.

அவள் கை காட்டிய பக்கம் கடல். படகைத் திருப்பியதிலிருந்து சார் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஃபைபர் மீன்பிடி வள்ளம் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. பந்தயத்துக்கு முன்னாலிருந்தே அங்கே நின்றதுதான். கேன் பக்கத்திலிருந்து பார்த்தபோது யாரோ மீன் பிடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். மடியில் பனையோலைத் தொப்பி. கையில் பொரிகடலைப் பொட்டலம்.

நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வள்ளம் பக்கத்தில் வந்தது. ஜெனோவா டீச்சர் துண்டை அவிழ்த்தார்.

“நீங்க எப்ப இங்க வந்தீங்க டீச்சர்?”

“நீங்க கேன்ல படகக் கட்டுறப்ப.”

“ஏதோ வேலன்னு சொன்னீங்க.”

“இதான்.”

டீச்சர் தொப்பியை உதறி நீட்டினார். சார் வாங்கிக்கொண்டார்.

“தப்பான எடத்துல நின்னுட்டேன்” என்றார்.

“ஆமா சார்.”

“பிள்ளைங்களக் கடல் கொண்டு போயிருக்கும்.”

“ஆமா.”

சார் தலையைக் குனிந்துகொண்டார். ஷெரின் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சிப்பித்துறையில பிள்ளைங்க காத்துட்டு இருக்கும் டீச்சர். அதுங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?”

“படகு வருதுன்னு சொல்லுங்க. சங்கத்துல நேத்தே பேசிட்டேன்.”

சார் தலையை நிமிர்த்தினார்.

“நேத்தா? இன்னைக்கு என்ன நடக்கும்னு நேத்து உங்களுக்குத் தெரியாதே.”

“தெரியாது. அதான் வந்து நின்னேன்” என்றார் டீச்சர். பொரிகடலையை நீட்டினார். இந்தத் தடவை சார் ஒரு பிடி எடுத்துக்கொண்டார். தொண்டையில் இறங்கியது.

தொப்பியைத் தலையில் வைத்து, அதுவரை கட்டாமலே விட்டிருந்த அதன் நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். தொட்டிகளை வரிசையாக இழுத்துக்கொண்டு கரை நோக்கிக் கிளம்பினார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தார். வள்ளம் பின்னால் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். அதே இடைவெளியில் வந்தது. கண் கலங்கியிருந்ததை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை. மூன்றாவது முறை திரும்பி, கேட்டேவிட்டார்.

“டீச்சர், சிப்பித்துறைக்கும் வருவீங்களா?”

காற்றுக்கு எதிரே குரலை எடுத்து டீச்சர் சொன்னார்.

“என்ன எதுக்கு சார் பாக்கீங்க? பிள்ளைகளப் பாருங்க.”